மொட்டை மாடியில் ஓர் அல்லித் தொட்டி: இடம் பார்ப்பதிலிருந்து பூப்பது வரை

நீர்ச்செடி வளர்க்கக் குளமும் தோப்பும் வேண்டும் என்பதில்லை. இரண்டடி அகலமும் ஒன்றேகால் அடி ஆழமும் உள்ள, அடியில் ஓட்டை இல்லாத ஒரு தொட்டி, நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில், ஒரு கூடைக் களிமண். இவ்வளவு இருந்தால் தமிழ்நாட்டுச் சமவெளியில் எந்த வீட்டிலும் அல்லி பூக்கும். மோட்டார், ஃபில்டர், குட்டி நீரூற்று எதுவும் தேவையில்லை. தேவை என்று சொல்பவர் பெரும்பாலும் அவற்றை விற்பவராக இருப்பார்.

பணத்தைவிடப் பொறுமைதான் இதில் கூடுதலாகச் செலவாகும். தொட்டி வைத்த முதல் ஒன்றரை மாதத்தில் தண்ணீர் பச்சையாகும், பழைய இலைகள் அழுகும், கொசுப்புழு எட்டிப் பார்க்கும். அப்போது பதறிப்போய்த் தண்ணீரை மாற்றுவது, உரத்தைக் கொட்டுவது, மேலும் மேலும் மீனை வாங்கி விடுவது என்று தினம் ஒரு கை வைப்பவர்களின் தொட்டிதான் கெட்டுப்போகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் எதைச் செய்வது என்பதற்கு ஈடாக, எப்போது சும்மா இருப்பது என்பதும் வரும்.

தாமரையை விட்டு அல்லியை ஏன் சொல்கிறேன்?

ஆசை எல்லோருக்கும் தாமரை மேல்தான். ஆனால் தாமரைக் கிழங்கு ஓரிடத்தில் நிற்காது. மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஊர்க்குளத்துத் தாமரையை இரண்டடித் தொட்டியில் அடைத்தால் இலை இலையாகத் தள்ளும், மொட்டு வராது. வந்தாலும் ஆண்டில் சில மாதங்கள்தான். கார்த்திகை, மார்கழியில் இலை பழுத்து உறங்கப் போய்விடும். அல்லி அப்படியில்லை. நட்ட இடத்திலேயே நின்று, உரமும் வெயிலும் கிடைத்தால் நம் ஊரில் ஆண்டு முழுவதும் பூக்கும். அதனால் முதல் தொட்டி அல்லிக்கு. கை பழகிய பிறகு இரண்டாவது தொட்டி தாமரைக்கு. தாமரைக்கு மட்டும் மாறும் செய்திகளைக் கடைசியில் சொல்கிறேன்.

அல்லியிலும் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பகலில் பூப்பவை உண்டு, இரவில் பூப்பவை உண்டு. பகல் அல்லி காலை ஒன்பது, பத்து மணிக்கு விரிந்து மாலையில் கூம்பிவிடும். காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர் அதை வாங்கினால் ஞாயிற்றுக்கிழமைதான் பூவைப் பார்ப்பார். அவருக்கு இரவில் விரிந்து மறுநாள் முற்பகல் வரை நிற்கும் வெள்ளை ஆம்பலோ செவ்வல்லியோ பொருத்தம். நர்சரிக்காரரிடம் நிறத்தைக் கேட்பதற்கு முன் நேரத்தைக் கேளுங்கள்.

இடமும் எடையும்

வெயில் எங்கே விழுகிறது என்பதை ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தால் இலை வரும், பூ அரிது. மரத்தடி வேண்டாம். வேப்பிலையும் புளிய இலையும் தொட்டியில் விழுந்து மக்கும்போது தண்ணீர் கருத்து நாறும். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருப்பது நல்லது. கோடையில் நாள்தோறும் வாளி தூக்க வேண்டியிருக்கும்.

மாடியில் வைப்பதானால் எடையைக் கணக்கிடாமல் இறங்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மேலே சொன்ன அளவுத் தொட்டி விளிம்பு வரை நூறு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். மண்ணும் தொட்டியின் சொந்த எடையும் சேர்ந்தால் இரண்டு ஆட்கள் அந்த இரண்டடி வட்டத்தில் இரவும் பகலும் நிற்கிற கணக்கு. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்று வைத்துத்தான் இந்தியத் தரநிலைப்படி வடிவமைக்கிறார்கள். அது தளம் முழுக்கப் பரவிய சுமைக்கான கணக்கு. எனவே ஒரு தொட்டியைச் சுவர் அல்லது பீம் ஓடும் இடத்துக்கு மேலே வைப்பதில் சிக்கல் இருக்காது. தளத்தின் நடுவில் நான்கைந்து தொட்டிகளை நெருக்கி வைப்பது வேறு விஷயம். மரக்கட்டை தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடியை விட்டுவிட்டு முற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகம் இருந்தால் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிட்டு வையுங்கள். தொட்டிக்கு அடியில் நான்கு செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் கீழே ஈரம் தங்காது. கசிவு தொடங்கினாலும் கண்ணில் படும்.

வீட்டில் தவழும் குழந்தையோ நடைபழகும் குழந்தையோ இருந்தால் தரையோடு ஒட்டிய தொட்டி கூடாது. ஒரு சாண் தண்ணீரே ஆபத்து. தொட்டியின் மேல் உறுதியான கம்பி வலை போடுங்கள், அல்லது குழந்தை வளரும்வரை இந்த ஆசையைத் தள்ளிப்போடுங்கள்.

தொட்டி

அகலம்தான் முக்கியம், ஆழம் இரண்டாவது. அல்லி இலைகள் நீர்ப்பரப்பில் படுப்பவை. உயரமான, குறுகலான அண்டாவில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும்.

கையில் இருப்பதை வைத்தே தொடங்கலாம். இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம்மைக் குறுக்காக அறுத்தால் இரண்டு தொட்டி ஆகும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று மட்டும் விசாரித்து வாங்குங்கள். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த ட்ரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். வாயகன்ற பிளாஸ்டிக் டப் லேசாக இருக்கும், மாடிக்கு ஏற்றது. ஆனால் மெல்லிய டப் நம் வெயிலில் ஓரிரு ஆண்டுகளில் மொறுமொறுப்பாகி விளிம்பு உடையும். பாட்டி காலத்துக் கல்தொட்டி கிடைத்தால் அதைவிட அழகு வேறில்லை. செப்பு, பித்தளைப் பாத்திரங்களில் மீன் விட முடியாது. செம்பு அவற்றுக்கு நஞ்சு.

சாலையோரத்தில் விற்கும் வட்டமான சிமெண்ட் தொட்டி என் முதல் தேர்வு. கனமானது, ஆனால் காற்றுக்கும் வெயிலுக்கும் அசையாது. தண்ணீரும் சட்டென்று சூடேறாது. அடியில் ஓட்டை இருந்தால் சிமெண்ட் கலவையாலோ எம்-சீலாலோ அடைத்து இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள். புதுச் சிமெண்ட் தண்ணீரில் சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரில் இறங்கும் மீன் பிழைக்காது, செடியின் இளவேரும் கருகும். தண்ணீர் நிரப்பி, நறுக்கிய வாழைமட்டையோ ஒரு கை சாணமோ போட்டு நான்கு நாள் வைத்துக் கொட்டுங்கள். சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்ய இரண்டு வாரம் ஆகும். மீன் கடையில் கிடைக்கும் பிஎச் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தால் எட்டரைக்குக் கீழே காட்ட வேண்டும். அதுவரை காத்திருங்கள்.

விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே ஒரு சிறு துளை போட்டு, அதில் கொசுவலைத் துண்டை ஒட்டிவிடுங்கள். ஐப்பசி மழையில் தொட்டி வழியும்போது மீன்கள் மாடிக் குழாய் வழியாகத் தெருவுக்குப் போகாமல் இருக்க இது ஒன்றுதான் வழி.

மண்ணும் உள்கிண்ணமும்

தொட்டியின் அடி முழுவதும் மண் நிரப்புவது ஒரு முறை. பன்னிரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் உள்ள பிளாஸ்டிக் பேசினில் மண் நிரப்பிச் செடியை நட்டு, அந்தப் பேசினைத் தொட்டிக்குள் இறக்குவது இன்னொரு முறை. இரண்டாவதைத்தான் சொல்வேன். தண்ணீர் கலங்காது, உரம் வைப்பது எளிது, ஓராண்டு கழித்துச் செடியைப் பிரிக்கும்போது தொட்டியைக் கவிழ்க்க வேண்டியதில்லை, மீன்களுக்கும் இடம் மிச்சம். பேசினிலும் ஓட்டை இருக்கக் கூடாது.

மண் என்றால் களிமண் அல்லது ஏரி வண்டல். ஈரமண்ணை உள்ளங்கையில் வைத்து விரல் தடிமனுக்கு உருட்டுங்கள். வளைத்தால் உடையாமல் வளைய வேண்டும். உதிர்ந்தால் மணல் அதிகம். கடையில் பையாக விற்கும் செடிமண் கலவை இதற்கு முற்றிலும் ஆகாது. அதிலிருக்கும் தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் தண்ணீர் ஊற்றியதும் மேலே மிதந்து, தொட்டி ஒரே நாளில் தேநீர் நிறமாகிவிடும்.

பேசினின் அடியில் நன்றாக மக்கிய, வாசனையே இல்லாத பழைய சாண எரு இரண்டு கைப்பிடி. அதன்மேல் ஒரு கைப்பிடி எலும்புத் தூள், கிடைத்தால். பிறகு களிமண்ணைக் குழைத்து, விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே வரும்வரை அழுத்தி நிரப்புங்கள். ஈரச் சாணம் கூடவே கூடாது. அது நீருக்கடியில் அழுகி வெளிவிடும் அம்மோனியா வேரையும் மீனையும் சேர்த்தே கொல்லும். வேப்பம்புண்ணாக்கும் அப்படித்தான். தரையில் அமிர்தம், மீன் இருக்கும் தண்ணீரில் விஷம்.

நடவு

நர்சரியில் அல்லி இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, விரல் போல நீண்டு படுத்தவாறு வளரும் கிழங்கு. மற்றொன்று, உருண்டையான சிறு கிழங்கின் உச்சியில் இலைக்கொத்து. நீண்ட கிழங்கைப் பேசினின் ஓரத்தில், வெட்டுப்பட்ட முனை சுவர்ப் பக்கமும் குருத்து நடுவை நோக்கியும் இருக்கும்படி சாய்த்துப் புதையுங்கள். உருண்டைக் கிழங்கை நடுவில் நேராக வையுங்கள். எதுவானாலும் குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். குருத்தை மண் மூடினால் அழுகல் நிச்சயம்.

பெரிய பழைய இலைகளைக் கிள்ளிவிடுங்கள். எப்படியும் ஒரு வாரத்தில் பழுக்கப்போகின்றன. மண்ணின் மேல் ஓர் அங்குலம் கழுவிய ஆற்றுமணலைப் பரப்பிக் கிழங்கின் மேல் ஒரு கூழாங்கல் வைத்தால் மிதந்து வராது. பேசினை நன்றாக நனைத்து, காற்றுக் குமிழ் அடங்கிய பிறகு தொட்டிக்குள் இறக்குங்கள்.

தண்ணீரை ஒரு தட்டின் மேலோ பிளாஸ்டிக் தாளின் மேலோ மெல்ல ஊற்றுங்கள். முதலில் குருத்துக்கு மேல் நான்கு விரல் உயரம் போதும். புது இலைகள் மேலே வந்து படுத்த பிறகு வாரத்துக்கு இரண்டு அங்குலமாக ஏற்றி, வழிதுளைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். எடுத்தவுடன் முழுத் தொட்டியையும் நிரப்பினால் சின்னச் செடி வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டுவதிலேயே களைத்துப்போகும்.

எந்தத் தண்ணீர் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். மழைநீர் முதல் தரம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்; வாளியில் ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றலாம். ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று இதில் விடாதீர்கள். உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. போர்த் தண்ணீர் உவர்ப்பாக உள்ள பகுதிகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாம் மறுபடி போர்த் தண்ணீரை ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும். நீர்மட்டத்தை ஒட்டித் தொட்டிச் சுவரில் வெள்ளைக் கோடு படிவதும், இலை விளிம்பு பழுப்பாகிக் காய்வதும் இதன் அறிகுறிகள். ஈரத்துணியால் அந்தக் கோட்டைத் துடைத்து எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை இறைத்து நல்ல தண்ணீர் சேருங்கள். மழைக்காலத்தில் தொட்டி வழிய வழிய நனையட்டும். ஆண்டு முழுவதும் சேர்ந்த உப்பு அப்போதுதான் வெளியேறும்.

துணைக்கு என்ன வைக்கலாம்

ஒரே தொட்டியில் ஏழெட்டு வகை என்பது கடைக் கண்ணாடியில் அழகு. வீட்டில் மூன்று வகை போதும். அல்லி ஒன்று. நீருக்குள் மூழ்கி வளரும் ஹைட்ரில்லா அல்லது வாலிஸ்நேரியா ஒரு கைப்பிடி. ஓரத்தில் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டும் ஒரு செடி.

மூழ்குசெடியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஆனால் தொட்டியைத் தெளிவாக வைத்திருப்பது அதுதான். பச்சைப் பாசி தின்னவேண்டிய சத்தை அது முந்திக்கொண்டு தின்றுவிடும். ஓரச் செடிக்கு நம் ஊரிலேயே நல்ல பட்டியல் இருக்கிறது: வசம்பு, வல்லாரை, நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி. சிறிய தொட்டியில் நட்டு, செங்கல் கொடுத்து உயர்த்தி, வேர்ப்பகுதி மட்டும் நனையும்படி வையுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் வல்லாரை இருந்தால் துவையலுக்கும் ஆயிற்று. சம்பங்கோரை வகைகளைத் தொட்டிக்குள் விடாதீர்கள். ஒரே பருவத்தில் பேசினைப் பிளந்துவிடும்.

மிதக்கும் செடிகளில் ஆகாயத்தாமரையை எல்லாரும் கொடுப்பார்கள், இலவசமாகவே. அது ஏன் இலவசமாகக் கிடைக்கிறது என்பது இரண்டு வாரத்தில் தெரியும். கோடையில் நிழல் தர நான்கைந்து செடி நல்லதுதான். பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் அள்ளிவிடுங்கள். ஊதாப் பூப் பூக்கும் வெங்காயத்தாமரையை மட்டும் தொட்டியில் சேர்க்கவே வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துக் கிடப்பது அதுதான். அள்ளிய எந்தச் செடியையும் ஏரியிலோ வடிகாலிலோ எறியாமல், மாடியில் சருகாகக் காயவிட்டு உரக்குழியில் போடுங்கள்.

கொசு

அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். நம் வெயிலில் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆகவே மீன் இல்லாத தொட்டி ஒரு வாரம்கூட இருக்கக் கூடாது. தண்ணீர் நிரப்பிய முதல் நாளிலிருந்து கொசுவலையால் மூடி வையுங்கள்; தண்ணீர் ஆறிய இரண்டு மூன்று நாளில் மீன் விடுங்கள்.

சாதாரணக் கப்பி மீன் ஆறு, எட்டு போதும். நீண்ட வாலும் பளபளப்பும் உள்ள விலை உயர்ந்த வகை வேண்டாம். அந்த வாலை இழுத்துக்கொண்டு அது புழுவைத் துரத்தாது. கப்பி மாதம் ஒருமுறை குட்டி போடும் என்பதால் எண்ணிக்கை தானாகப் பெருகும். நம் ஊர் நீர்நிலைகளுக்கே உரிய பான்சாக்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் இந்தச் சிறுமீன் நீர்ப்பரப்பை ஒட்டியே சுற்றுவதால் புழு தப்பாது. துள்ளிக் குதிக்கும், அதனால் நீர்மட்டம் விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே இருக்கட்டும். தங்கமீன், கோய் இரண்டும் இந்தத் தொட்டிக்கு ஆகாது; மண்ணைக் கிளறி வேரைப் பிடுங்கும், கழிவும் அதிகம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர் மீன் கடைகளில் மீனும் மூழ்குசெடியும் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

மீனுக்கு நாள்தோறும் தீனி போடாதீர்கள். வயிறு நிறைந்த மீன் கொசுப்புழுவைத் தேடாது. பெருகிப்போன கப்பிகளை ஏரியில் விடுவதும் தவறு, அங்குள்ள மீன்களுக்கு அவை போட்டி. கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

மீன் இருந்தும் புழு தப்பும் இடங்கள் உண்டு. ஆகாயத்தாமரை நெருக்கமாக மிதந்தால் வேர்களுக்கிடையில் மீன் நுழையாது. ஓரச் செடித் தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். நெளிந்து நெளிந்து கீழே இறங்கும் புழு வெளிச்சத்தில் உடனே தெரியும். மீன் விட விரும்பாதவர்கள் பிடிஐ (Bti) என்ற, ஒருவகை பாக்டீரியாவிலிருந்து செய்யும் புழுக்கொல்லியை அட்டையில் சொன்ன அளவில் பயன்படுத்தலாம். அது கொசுப்புழுவைக் கொல்லும், மீனையும் செடியையும் ஒன்றும் செய்யாது. தொட்டியைக் காலி செய்து எடுத்து வைக்கும்போது சுவரைப் பிரஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் சாகாமல் அடுத்த தண்ணீருக்குக் காத்திருக்கும்.

பச்சைத் தண்ணீர்

இரண்டாவது வாரத்தில் தொட்டி கீரைச் சாறு போலாகும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்பது. தண்ணீரைக் கொட்டிப் புதிதாக நிரப்பினால் குழாய்த் தண்ணீரோடு புதுச் சத்தும் வந்து, பாசி இன்னும் வேகமாகத் திரும்பும். படிகாரம், பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதையும் போடாதீர்கள். பாசிக்கு வேண்டியது வெயிலும் சத்தும். அல்லி இலைகள் பரப்பில் பாதிக்கு மேல் மூடியதும் வெயில் குறையும். மூழ்குசெடி வேர்பிடித்ததும் சத்து குறையும். ஐந்தாறு வாரத்தில் ஒருநாள் பேசினின் விளிம்பு தெரியும், பிறகு அடி தெரியும். அதுவரை மூழ்குசெடியை இன்னொரு கைப்பிடி சேர்ப்பது மட்டுமே உருப்படியான வேலை. நூல்நூலாகப் படரும் பாசியை மட்டும் ஒரு குச்சியில் சுற்றி எடுத்துவிடலாம்.

விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதைச் சும்மா விடக் கூடாது. இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அதோடு சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைவது 30 டிகிரியில் ஏழரையாகிவிடும். உடனடியாக ஒரு மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து பலமுறை ஊற்றுங்கள். பிறகு மிதக்கும் செடியில் பாதியை அள்ளுங்கள், அழுகிய இலைகளை எடுங்கள்.

பூக்கத் தொடங்கிய பிறகு

நட்ட இரண்டு மூன்று மாதத்தில் முதல் மொட்டு தண்டோடு மேலே வரும். ஒரு பூ மூன்று நான்கு நாள் விரிந்து கூம்பும். முதல் நாள் பூவின் நடுவை நெருங்கிப் பாருங்கள்: மஞ்சள் கிண்ணத்தில் பளபளவென்று ஒரு துளித் திரவம் நிற்கும். வேறு பூவில் மகரந்தம் பூசிக்கொண்டு வரும் தேனீ அதில் சறுக்கி விழும்; மகரந்தம் திரவத்தில் கரைந்து சூலகத்துக்குப் போகும். சில தேனீக்கள் ஏற முடியாமல் அங்கேயே மூழ்கியும் கிடக்கும். இரண்டாம் நாள் கிண்ணம் காய்ந்து, மகரந்தக் கம்பிகள் உள்நோக்கி மடிந்து அதை மூடிவிடும். பூ வாடியதும் தண்டு சாய்ந்து தண்ணீருக்குள் போகும். அப்போது அடியோடு கிள்ளி எடுங்கள்.

அல்லி பெரும் தீனிக்காரி. மூன்றாவது மாதத்திலிருந்து மாதம் ஒருமுறை, தேக்கரண்டி அளவு கலப்பு உரத்தைச் செய்தித்தாளில் சிறு பொட்டலமாக மடித்து, கிழங்கிலிருந்து நான்கு விரல் தள்ளி, மண்ணுக்குள் விரல் புதையும் ஆழத்தில் சொருகிக் குழியை மூடுங்கள். மெதுவாகக் கரையும் குருணையாக இருந்தால் உத்தமம். தண்ணீரில் நேராக உரத்தைத் தூவினால் அல்லிக்கு முன் பாசி சாப்பிட்டுவிடும். இலை சிறுத்து வெளிறினால் பசி என்று பொருள். இலை நன்றாக இருந்தும் பூ இல்லையென்றால் வெயில் போதவில்லை. இலைகள் தண்ணீரை விட்டு எழுந்து நெரிந்தால் செடியைப் பிரிக்க வேண்டிய நேரம்.

மஞ்சள் இலைகளை வாரம் ஒருமுறை எடுத்துவிடுங்கள். இலையில் நீள்வட்டமாகத் துண்டு காணாமல் போயிருந்தால் நீர்ப்புழுவின் வேலை. வெட்டிய இரண்டு துண்டுகளை ஒட்டிக் கூடாக்கி அதற்குள் ஒளிந்துகொண்டு மிதக்கும். கையால் பொறுக்கி நசுக்குவதுதான் மருந்து. கறுப்பாக மொய்க்கும் அசுவினியை ஹோஸ் பைப்பால் பீய்ச்சித் தண்ணீரில் தள்ளினால் மீன்கள் பார்த்துக்கொள்ளும். வேப்பெண்ணெய் தெளிப்பதைத் தவிருங்கள். மீன் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சில பகல் அல்லிகளில், இலையும் தண்டும் சேரும் புள்ளியில் மெல்லிய ரோமம் போல ஒரு முடிச்சு தோன்றும். அதிலிருந்தே சிறு இலைகளோடு குட்டிச் செடி முளைக்கும். தாய் இலை பழுக்கத் தொடங்கியதும் அதை வெட்டி, சின்னக் கிண்ணத்துக் களிமண்ணில் கல் வைத்து அழுத்தி, இரண்டு விரல் தண்ணீரில் வைத்தால் இன்னொரு செடி ஆயிற்று.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் வரைகூட இறங்கும். காலையிலேயே நிரப்புங்கள்; நண்பகலில் வீட்டு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாயில் வரும் கொதிநீரைத் திறந்துவிடக் கூடாது. கத்திரி வெயிலில் கைவிட்டால் தண்ணீர் சுடுகிறதென்றால், பிற்பகலில் மட்டும் பச்சை நிழல்வலை கட்டுங்கள். கறுப்பு டப் வைத்திருப்பவர்கள் சுற்றிலும் சாக்கு கட்டி நனைத்துவிடலாம்.

இரண்டாவது தொட்டி: தாமரை

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி இதற்கும் பொருந்தும். மாறுபவை இவை. தொட்டி கட்டாயம் வட்டமாக இருக்க வேண்டும். சதுரத் தொட்டியில் ஓடும் கிழங்கின் நுனி மூலையில் சிக்கி முறியும். உள்கிண்ணம் வேண்டாம், தொட்டியின் அடி முழுவதும் ஆறு அங்குலம் களிமண். வெயில் ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. தோவாளைச் சந்தைக்குப் பூ அனுப்பும் கன்னியாகுமரி மாவட்டக் குளங்களின் தாமரை தொட்டிக்கானதல்ல. தொட்டிக்கென்றே வளர்க்கும் குட்டை வகைகளைக் கேட்டு வாங்குங்கள்; கேரளத்தில் வீட்டு மாடிகளில் வளர்ப்பவர்கள் கிழங்கைக் கூரியரில் அனுப்புகிறார்கள்.

பெட்டியைத் திறக்கும்போதே கவனம். கிழங்கின் நுனியில் கூர்மையாக நிற்கும் வெளிர் முளை பட்டாலே ஒடியும். ஒடிந்தால் வேறு கணுவில் முளை இல்லாத கிழங்கு அழுகிப்போகும். மண்ணில் ஆழமில்லாத பள்ளம் கீறி, கிழங்கைப் படுக்கவைத்து, முளை மட்டும் வெளியே தெரியும்படி மூடி, மேலே கல் வையுங்கள். இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் போதும். முதலில் காசு போல மிதக்கும் இலைகள் வரும்; அதன்பின் தண்ணீரை விட்டு எழுந்து நிற்கும் இலைகள். நிற்கும் இலை வரும்வரை உரத்தைத் தொடாதீர்கள். வந்த பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறு பொட்டலம். இலைத் தண்டுக்குள் காற்றுக் குழாய்கள் கிழங்கு வரை போவதால், பழுத்த இலையை நீர்மட்டத்துக்கு மேலேயே வெட்டுங்கள்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், பொறுமையும் ஆர்வமும் இருந்தால். கடையில் தாமரை விதை என்று பொரித்து விற்கும் மக்கானா தாமரையே அல்ல, அல்லிக் குடும்பத்து வேறொரு செடியின் விதை. அதை நட முனையாதீர்கள். உண்மையான தாமரை விதை கறுத்துக் கல்லாக இருக்கும். அந்த ஓடு எவ்வளவு கெட்டி என்றால், சீனாவின் லியாவ்னிங்கில் வற்றிய ஏரியடியில் சுமார் 1300 ஆண்டுகள் கிடந்த விதையே முளைத்திருக்கிறது. குழி உள்ள முனையை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெண்மை தெரிந்ததும் நிறுத்தித் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்துக்குள் பச்சைக் குருத்து வரும். பூ மட்டும் தாய்ச்செடி போலவே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கார்த்திகை வாக்கில் இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து, தொட்டியில் வெறும் தண்ணீர்தான் நிற்கும். செடி செத்துவிட்டது என்று கவிழ்ப்பவர்கள் இப்போதுதான் கவிழ்ப்பார்கள். மண் காயாமல் நான்கு விரல் தண்ணீரும் இரண்டு மீனும் விட்டு வையுங்கள். உரம் வேண்டாம். மாசியில் தொட்டியைச் சாய்த்து மண்ணை விரலால் அலசினால் ஓரத்தைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் கிழங்குகள் கிடைக்கும். முளையும் இரண்டு கணுவும் சேர்ந்தாற்போல் ஒவ்வொன்றாக வெட்டி, ஒன்றைப் புது மண்ணில் நட்டுக்கொண்டு, மற்றவற்றை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கேட்டவர்களுக்கு அனுப்பிவிடலாம்.